இயங்குநேரப் பைட்கோட் பிரைவேட் ஃபீல்டைத் தொட வேண்டுமானால்: எந்த வழியை எப்போது தெரிவு செய்வது?

ஹட்டன், பதுளை, பண்டாரவளை என்று மலையகத்தின் பல பக்கங்களிலும் ஜாவாவில் வேலை செய்யும் இளைஞர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு உருவங்களில் வந்துகொண்டிருக்கிறது. செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பைட்கோடை (ஜாவா இயந்திரம் படிக்கும் கட்டளைகளை) உருவாக்குகிறோம்; அந்தப் பைட்கோட் இன்னொரு கிளாஸின் பிரைவேட் ஃபீல்டை, அதாவது வெளியாருக்கு மூடிவைத்த தரவை, வாசிக்க வேண்டும்; ஜாவாச் செய்நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் விடமாட்டேன் என்கிறது. ரிஃப்ளெக்‌ஷன் போதும் என்று ஒருவர் சொல்கிறார், மெத்தட் ஹாண்டில்தான் சரி என்கிறார் மற்றொருவர், ஹிடன் கிளாஸ் வந்தபிறகு வேறெதுவும் வேண்டாம் என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் வெவ்வேறு சூழல்களுக்கான உண்மைகள்.

பேசுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். ஒரு தேயிலைத் தோட்டத்தின் சம்பளக் கணிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து பறித்தால் முழுப் பேர் (முழு நாட்சம்பளம்), எவ்வளவு குறைந்தால் அரைப் பேர் (அரை நாட்சம்பளம்), மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு என்பதெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டமும் பருவத்துக்குப் பருவமும் மாறுபடும். நாட்சம்பளமும் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படை 1,350 ரூபாவாகவும் மாறியது. இப்படி மாறிக்கொண்டேயிருக்கும் விதிகளைச் செய்நிரலுக்குள் இறுக எழுதிவிடாமல், தனிக் கோப்பில் வாய்பாடுகளாக வைத்து, தொடங்கும்போது அவற்றைப் பைட்கோடாக மாற்றிக்கொள்வது நல்ல வடிவமைப்பு. தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோல் முழுவதையும் ஓட்டும்போது ஒவ்வொரு தொழிலாளியின் ஒவ்வொரு நாளுக்கும் அந்த வாய்பாடு ஓடும். ‘கொழுந்துப்பதிவு’ என்னும் கிளாஸில், நிறுக்கும்போது பதிந்த கிலோ ஒரு பிரைவேட் ஃபீல்டாகவும், தண்ணீருக்கும் பைக்குமாகக் கழித்த கிலோ இன்னொரு பிரைவேட் ஃபீல்டாகவும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விதியிலிருந்து உருவான பைட்கோட் இவை இரண்டையும் வாசிக்க வேண்டும்.

## ஜேவிஎம் எதை மறுக்கிறது

ஜாவா மொழியில் எழுதினால் பிரைவேட் மீறலைக் கொம்பைலரே பிடித்துவிடும். பைட்கோடை நாமே உருவாக்கும்போது இடையில் கொம்பைலர் இல்லை. பைட்கோடை எழுதித் தரும் ஏஎஸ்எம் போன்ற நூலகங்களும், ஜாவா 24இல் நிலைபெற்ற கிளாஸ்-ஃபைல் ஏபிஐயும், நாம் கேட்ட கட்டளையை அப்படியே எழுதித் தந்துவிடும். உருவான கிளாஸ் சரிபார்ப்பையும் தாண்டி ஏறிவிடும். மறுப்பு வருவது அதற்குப் பிறகுதான்: பெரும்பாலோர் பயன்படுத்தும் ஜேவிஎம்மான ஹொட்ஸ்பொட் ஒரு ஃபீல்டின் பெயரை, அந்தக் கட்டளை முதல் தடவை ஓடும்போதுதான் தேடித் தீர்க்கிறது, அந்த வேளையில் ‘இல்லீகல்ஆக்சஸ்எரர்’ எழுகிறது.

இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இது ‘எரர்’ வகையைச் சேர்ந்தது. ‘எக்செப்ஷன்’ வகையைப் பிடிக்கும் கேட்ச் பகுதியில் இது சிக்காது. இரண்டாவது, அரைப் பேருக்கான கிளைக்குள் மட்டும் அந்தக் கட்டளை இருந்தால், யாராவது ஒருவருக்குக் கிலோ குறையும் நாள்வரை பிழை வெளியே தெரியாது. எனவே எந்த வழியைத் தெரிவு செய்தாலும், விதியின் எல்லாக் கிளைகளும் சோதனையில் ஒரு தடவையாவது ஓடியிருக்க வேண்டும்.

பிரைவேட் உறுப்பைத் தொட ஜேவிஎம் அனுமதிப்பது அதே கிளாஸுக்கும், அதே ‘நெஸ்ட்’டைச் சேர்ந்த கிளாஸ்களுக்கும் மட்டுமே. நெஸ்ட் என்பது ஒரு வெளிக்கிளாஸும் அதன் உள்கிளாஸ்களும் சேர்ந்த கூட்டம்; இந்த ஏற்பாடு ஜாவா 11இல், ஜெப் (ஜாவா மேம்பாட்டு முன்மொழிவு) 181 வழியாக வந்தது. அதற்கு முன்னர் ஓர் உள்கிளாஸ் தன் வெளிக்கிளாஸின் பிரைவேட் உறுப்பைத் தொட்டால், கொம்பைலர் இரகசியமாக ஒரு பால மெத்தடை உருவாக்கிச் சமாளித்தது. பெக்கேஜ் அளவிலான அனுமதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு: இரண்டு கிளாஸ்களின் பெக்கேஜ் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, அவற்றை நினைவகத்துக்குள் ஏற்றிய கருவியான கிளாஸ் லோடரும் ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றின் மேல் ஜாவா 9இல், பெக்கேஜ்களைத் தொகுத்து மூடும் மொடியூல் என்ற இரண்டாவது சுவர் எழுந்தது.

## எதை வைத்து அளப்பது

வேகத்தை முதல் அளவுகோலாக வைப்பதே பெரும்பாலானோரின் வழக்கம். நான் அதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். முதலில் கேட்க வேண்டியது, இலக்குக் கிளாஸின் உரிமையாளர் யார், அவருடைய சம்மதம் எந்த வடிவத்தில் கிடைக்கும் என்பதே. ஜாவா 9 முதல் வந்த மாற்றங்கள் யாவும் ஒரே திசையில்தான் போகின்றன: சம்மதத்தோடு போகும் வழிகள் வலுப்பெறுகின்றன, சம்மதமின்றிப் போகும் வழிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. சம்மதம் எது என்று தெளிவானால் தெரிவுகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

இரண்டாவது, அந்தக் கட்டளை எத்தனை தடவை ஓடும் என்பது. தொடங்கும்போது ஒரு தடவை ஓடுவதற்கும் செக்ரோலின் ஒவ்வொரு வரிக்கும் ஓடுவதற்கும் ஒரே தீர்வு பொருந்தாது. மூன்றாவது, உருவாக்கும் கிளாஸும் இலக்குக் கிளாஸும் ஒன்றையொன்று பார்க்கக்கூடிய லோடர்களில் இருக்கின்றனவா என்பது. நான்காவது, எந்தெந்த ஜாவாப் பதிப்புகளில் ஓட வேண்டும் என்பது. ஐந்தாவது, பிழை வந்தால் கண்டுபிடிக்க முடியுமா என்பது. சம்பளத் துண்டில் ஒரு தொகை தவறினால் அந்தத் தவறு எந்த விதியில் நடந்தது என்று அதே நாளில் சொல்ல முடிய வேண்டும், ஏனென்றால் அந்தத் தொகையை நம்பி ஒரு வீடு இருக்கிறது.

## தொடாமலே முடிப்பது

கிளாஸ் உங்களுடையதாகவே இருந்தால், கழிவு போக மீதிக் கிலோவைத் தரும் ஒரு மெத்தடைப் பெக்கேஜ் அளவிலான அனுமதியோடு எழுதுங்கள். உருவாகும் கிளாஸை ஜாவா 9 முதல் கிடைக்கும் ‘லுக்கப்.டிஃபைன்கிளாஸ்’ மூலம் அதே பெக்கேஜில், அதே லோடரில் ஏற்றுங்கள். அந்த மெத்தடைச் சாதாரணக் கட்டளையால் அழைக்கலாம். பிரைவேட் என்ற கேள்வியே எழாது. பிழை எழுந்த அழைப்புகளை வரிசையாகக் காட்டும் பிழைத் தடத்தில் கிளாஸின் பெயர் முழுதாகத் தெரியும், எல்லாக் கருவிகளும் வழமைபோல வேலை செய்யும். செலவு என்று சொன்னால், இப்படி ஏற்றிய கிளாஸ் அதன் லோடர் இருக்கும்வரை நினைவகத்தில் இருக்கும் என்பதும், அதே பெயரில் இரண்டாம் தடவை ஏற்ற முடியாது என்பதுமே. தொடங்கும்போது ஒரு தடவை மட்டும் உருவாகும் விதிகளுக்கு இது ஒரு குறையே அல்ல.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கழிக்கும் முறை நாளை மாறினால் மெத்தடுக்குள் மட்டும் மாற்றினால் போதும். பிரைவேட் ஃபீல்டை நேராக வாசிக்கும் பைட்கோடுக்கு அந்த மாற்றம் தெரியாது. அது பழைய கணக்கிலேயே சம்பளம் போட்டுக்கொண்டிருக்கும். இந்த வழி உங்களுக்குக் கைகூடுமானால், இக்கட்டுரையின் மீதியை வாசிக்காமலே வேலையை முடித்துவிடலாம்.

## ரிஃப்ளெக்‌ஷன்

ஓடும்போதே கிளாஸின் உறுப்புகளைப் பெயரால் தேடி எடுக்கும் மிகப் பழைய வழி இதுதான். ‘செட்ஆக்சஸிபிள்’ அழைத்து, பிறகு ஃபீல்ட் ஒப்ஜெக்டின் வழியாக மதிப்பைப் பெறுகிறோம். ஜாவா 8 உள்ளிட்ட எல்லாப் பதிப்புகளிலும் இருக்கிறது, எல்லோருக்கும் புரியும், உருவாக்க வேண்டிய பைட்கோடும் குறைவு.

சம்மதம் இங்கே மொடியூல் மட்டத்தில் தேவைப்படுகிறது. இலக்குப் பெக்கேஜை அதன் மொடியூல் திறந்துவிடாவிட்டால் ‘இனாக்சஸிபிள்ஒப்ஜெக்ட்எக்செப்ஷன்’ வரும். ஜேடிகேயின் (ஜாவாவோடு வரும் அடிப்படைத் தொகுப்பின்) உள்ளுறுப்புகளைப் பொறுத்தவரை ஜாவா 16இல் இந்தச் சுவர் இயல்பாகவே எழுந்தது, 17இல் அதைத் தளர்த்தும் பொதுத் தெரிவும் நீக்கப்பட்டது. அதன்பின் மிஞ்சியிருப்பது, தொடங்கும் கட்டளையில் ‘ஆட்-ஓப்பன்ஸ்’ என்று பெக்கேஜ் பெக்கேஜாக எழுதிக்கொடுப்பதே பெரும்பாலும். அந்த வரியை எழுத வேண்டியவர் செய்நிரலை நிறுவுபவர். அவர் ஒரு தடவை மறந்தால் போதும், சம்பளம் போடும் நாளில் எல்லாம் நின்றுவிடும்.

வேகத்தைப் பற்றிப் பழைய கதைகள் பல உலவுகின்றன. ஜாவா 18இல், ஜெப் 416 வழியாக, ரிஃப்ளெக்‌ஷனே மெத்தட் ஹாண்டில்களின் மேல் திரும்பக் கட்டப்பட்டது. ஃபீல்ட் ஒப்ஜெக்டை ‘ஸ்டாடிக் ஃபைனல்’ ஆக வைத்திருந்தால் ஓடும்போதே பைட்கோடை இயந்திரக் கட்டளையாக்கும் ஜிட் கொம்பைலர் அதை நன்றாகவே உள்ளிணைக்கிறது. சாதாரண மாறியிலோ ஒரு மெப்பிலோ வைத்திருந்தால் அந்த நன்மை கிடைக்காது. எண்களை வாசிக்கும்போது பொதுவான ‘கெட்’டைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு தடவையும் எண் ஓர் ஒப்ஜெக்டாகப் பொதியப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், ‘கெட்இன்ட்’, ‘கெட்டபிள்’ ஆகியவை அதைத் தவிர்க்கும்.

தொடங்கும்போது ஓடும் அமைப்பு வேலைகளுக்கும், சோதனைகளுக்கும், ஜாவா 8ஐ விட்டு விலக முடியாத இடங்களுக்கும் இது பொருத்தம். ஆனால் ஏற்கெனவே பைட்கோட் உருவாக்கும் நிலைக்கு வந்துவிட்டவர், பெரும்பாலும் வேகத்துக்காகத்தான் வந்திருப்பார். அவர் இங்கே நின்றுவிடத் தேவையில்லை.

## மெத்தட் ஹாண்டில்

மெத்தட் ஹாண்டில் என்பது ஒரு மெத்தடையோ ஃபீல்டையோ நேராகச் சுட்டும் கைப்பிடி. ஜாவா 7இல் வந்த அதன் அடிப்படை, அனுமதியைச் சோதிக்கும் வேளையை மாற்றியதுதான். ரிஃப்ளெக்‌ஷனில் சோதனை அழைப்போடு சேர்ந்து வருகிறது. மெத்தட் ஹாண்டிலில், அதை உருவாக்கும்போது ஒரு தடவை சோதிக்கப்படுகிறது. பிறகு அதை யார் வைத்திருக்கிறாரோ அவர் அழைக்கலாம்.

சோதனையைச் செய்வது ‘லுக்கப்’ என்னும் ஒப்ஜெக்ட். தோட்டத்து ஒஃபீஸில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் துண்டைப் போன்றது அது: கொண்டுவருபவர் யார் என்று பார்ப்பதில்லை, கையொப்பம் யாருடையது என்றுதான் பார்க்கப்படுகிறது. கொழுந்துப்பதிவு கிளாஸுக்குள் உருவான லுக்கப், யாருடைய கைக்குப் போனாலும் கொழுந்துப்பதிவின் முழு அதிகாரத்தோடு இருக்கும். ஆகவே அதைப் பப்ளிக் மெத்தட் ஒன்றின் வழியாக எல்லோருக்கும் கொடுத்துவிடக் கூடாது.

உரிமையாளர் லுக்கப் தராவிட்டால், ஜாவா 9 முதல் ‘பிரைவேட்லுக்கப்இன்’ இருக்கிறது. இலக்குப் பெக்கேஜ் நம் மொடியூலுக்குத் திறந்திருந்தால், நம்முடைய லுக்கப்பைக் கொடுத்து இலக்குக் கிளாஸின் பிரைவேட் உறுப்புகளை எட்டும் லுக்கப்பைப் பெறலாம். அதிலிருந்து ‘ஃபைண்ட்கெட்டர்’ ஒரு ஃபீல்டுக்கான ஹாண்டிலைத் தரும். ஒத்திசைந்த வாசிப்பும் எழுத்தும் வேண்டுமானால் ‘ஃபைண்ட்வார்ஹாண்டில்’ இருக்கிறது.

இனி, அந்த ஹாண்டிலை உருவாகும் கிளாஸுக்குள் எப்படிக் கொண்டுசேர்ப்பது? வேகத்தைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஹாண்டில் ஒரு மாறிலி என்று ஜிட் கொம்பைலருக்குத் தெரிந்தால், அது முழுவதையும் உள்ளிணைத்து, நடைமுறையில் நேரடியாக ஃபீல்டை வாசிக்கும் கட்டளைக்கு நிகராக்கிவிடும். சாதாரண ஃபீல்ட் ஒன்றில் வைத்து ஒவ்வொரு தடவையும் எடுத்து அழைத்தால் அது நடக்காது. மாறிலியாக்க மிக நேரான வழி ‘இன்வோக்டைனமிக்’ கட்டளை: அதன் பூட்ஸ்ட்ராப் மெத்தட் முதல் தடவை மட்டும் ஓடி, ஹாண்டிலை ‘கொன்ஸ்டன்ட்கோல்சைட்’டில் வைத்துத் திருப்பித் தரும். ஜாவா 11இல் வந்த இயக்கநிலை மாறிலிகளும் இதே பயனைத் தரும்.

இந்த வழியின் பெரிய பலம் லோடர் விடயத்தில் தெரியும். உருவாகும் கிளாஸ் நம்முடைய லோடரில், நம்முடைய பெக்கேஜில் இருந்துகொண்டே பல வெவ்வேறு கிளாஸ்களின் பிரைவேட் ஃபீல்ட்களை வாசிக்கலாம். கொழுந்துப்பதிவையும் முற்பணப்பதிவையும் ஒரே விதி தொட வேண்டியிருந்தால் இதைவிட ஒழுங்கான வழி இல்லை. இலக்குக் கிளாஸின் பெயரே நம் லோடருக்குத் தெரியாத நிலையிலும்கூட, ‘ஆஸ்டைப்’ கொண்டு ஹாண்டிலின் முதல் வகையை ‘ஒப்ஜெக்ட்’ ஆக மாற்றிவிட்டு அழைக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ‘இன்வோக்எக்ஸாக்ட்’ அழைப்பில் வகைகள் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். திரும்பிவரும் இன்ட்டை லோங் என்று எழுதினால்கூட ‘ரோங்மெத்தட்டைப்எக்செப்ஷன்’ வரும். ஒவ்வொரு புதிய வடிவத்துக்கும் ஜேவிஎம் உள்ளுக்குள் தானே சில கிளாஸ்களை உருவாக்குவதால் தொடக்கம் சற்று மந்தமாகும். மூன்றாவது, ஹாண்டிலுக்குள் நடக்கும் அழைப்புகளின் பதிவுகளான சட்டகங்கள் பிழைத் தடத்தில் இயல்பாகத் தெரியமாட்டா.

ஹாண்டிலை ஓர் இடைமுகமாக மாற்ற ‘லாம்டாமெட்டாஃபெக்டரி’யைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மெத்தட்களுக்கும் கொன்ஸ்ட்ரக்டர்களுக்கும் அது நன்றாக வேலை செய்யும். ஃபீல்டை வாசிக்கும் ஹாண்டிலை அது ஏற்காது.

## ஹிடன் கிளாஸை நெஸ்ட்மேட்டாக ஏற்றுவது

பெயரால் தேட முடியாத ஹிடன் கிளாஸ் ஜாவா 15இல், ஜெப் 371 வழியாக வந்தது. ‘டிஃபைன்ஹிடன்கிளாஸ்’ அழைப்பில் ‘நெஸ்ட்மேட்’ என்ற தெரிவைக் கொடுத்தால், உருவாகும் கிளாஸ் இலக்குக் கிளாஸின் நெஸ்ட்டிலேயே உறுப்பாகிவிடும். பிறகு ‘கெட்ஃபீல்ட்’ கட்டளையே போதும். ஹாண்டில் வேண்டாம், பூட்ஸ்ட்ராப் வேண்டாம். முன்னர் ஜேடிகேயின் உள்வசதியான ‘அன்சேஃப்’இன் ‘டிஃபைன்அனோனிமஸ்கிளாஸ்’ செய்துவந்த வேலையை முறைப்படி செய்வதற்காகவே இது கொண்டுவரப்பட்டது. அந்தப் பழைய வாசல் ஜாவா 17இல் நீக்கப்பட்டது. ஜாவாவின் லாம்டாக்களுக்குப் பின்னாலும் இன்று ஹிடன் கிளாஸ்களே இருக்கின்றன.

வேகத்தில் இதற்கு மேல் எதுவும் இல்லை, கட்டளைகளும் வாசிக்க எளிது. பயன்பாடு முடிந்ததும், ‘ஸ்ட்ரோங்’ தெரிவு கொடுக்கப்படாதிருந்தால், லோடர் இருக்கும்போதே கிளாஸ் மட்டும் தனியாக இறக்கப்படலாம். விதிகள் அடிக்கடி மாறி மாறி உருவாகும் அமைப்புக்கு இது பெரிய உதவி. எனினும் இந்த வழியைத்தான் மிகக் கவனமாக எடைபோட வேண்டியிருக்கிறது. நான்கு இடங்களில் இது கையைக் கடிக்கும்.

முதலாவது சம்மதம். இதற்கு ‘முழு அதிகார’ லுக்கப் தேவை; அதாவது பிரைவேட், மொடியூல் என்ற இரண்டு முறைமைகளும் அதில் இருக்க வேண்டும். வேறொரு மொடியூலில் இருந்துகொண்டு ‘பிரைவேட்லுக்கப்இன்’ மூலம் பெற்ற லுக்கப்பில் மொடியூல் முறைமை உதிர்ந்துவிடும். அந்த லுக்கப் ஹாண்டில்களைத் தரும், ஹிடன் கிளாஸை ஏற்ற மட்டும் மறுத்துவிடும். பெயரில்லா மொடியூல்களுக்கும் இது பொருந்தும்: ஒவ்வொரு லோடருக்கும் தனித்தனிப் பெயரில்லா மொடியூல் உண்டு. எல்லாம் ஒரே கிளாஸ்பாத்தில் இருக்கும் மேசைக் கணினியில் ஓடிய செய்நிரல், பிளக்-இன்களைத் தனித்தனி லோடரில் ஏற்றும் சேர்வரில் திடீரென்று மறுக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. அங்கே உரிமையாளர் தானே உருவாக்கிய லுக்கப்பைக் கையில் கொடுத்தால்தான் வழி பிறக்கும்.

இரண்டாவது லோடர். ஹிடன் கிளாஸ் இலக்குக் கிளாஸின் லோடரிலும் பெக்கேஜிலும்தான் பிறக்கும். அது நிறைவேற்ற வேண்டிய ‘சம்பளவிதி’ என்னும் இடைமுகம் நம்முடைய லோடரில் மட்டும் இருந்து, இலக்கின் லோடருக்கு அது தெரியாவிட்டால், ‘நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்’ வந்து நிற்கும். ‘டுஇன்ட்ஃபங்ஷன்’ போன்று ஜேடிகேயிலேயே இருக்கும் இடைமுகங்களைப் பயன்படுத்துவது இதற்கு நல்ல தீர்வு. ஒரு ஹிடன் கிளாஸ் ஒரு நெஸ்ட்டுக்குள்தான் இருக்க முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு கிளாஸ்களின் பிரைவேட் ஃபீல்ட்கள் வேண்டுமானால் இரண்டாவதை ஹாண்டிலாகத்தான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பதற்கு ஜாவா 16இல் வந்த ‘டிஃபைன்ஹிடன்கிளாஸ்வித்கிளாஸ்டேட்டா’ இருக்கிறது.

மூன்றாவது பிழை தேடுதல். ஹிடன் கிளாஸின் சட்டகங்கள் பிழைத் தடத்தில் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. விதிக்குள் ஒரு ‘நல்’ (null, அதாவது வெறுமையான) மதிப்பு இடறினால், தடத்தில் விதியை அழைத்த இடம் தெரியும், விதி தெரியாது. ‘ஷோஹிடன்ஃப்ரேம்ஸ்’ என்ற ஆய்வுத் தெரிவைத் திறந்தால் தெரியும். ஆனால் வாடிக்கையாளரின் கணினியில் அது திறந்திருக்காது. ஆகவே விதியை அழைக்கும் இடத்திலேயே எழும் பிழையைப் பிடித்து, விதியின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் சேர்த்து மீண்டும் எறிவது கட்டாயம் என்றே சொல்வேன். பெயரால் தேடினாலும் ஹிடன் கிளாஸ் கிடைக்காது. இன்னொரு உருவாக்கப்பட்ட கிளாஸ் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவும் முடியாது.

நான்காவது, பைட்கோட் எழுதும்போதே வரும் ஒரு சிறு கண்ணி. தன் கிளாஸின் பிரைவேட் மெத்தடை அழைக்க ‘இன்வோக்ஸ்பெஷல்’ எழுதிப் பழகியவர்கள், நெஸ்ட்மேட்டின் பிரைவேட் மெத்தடுக்கும் அதையே எழுதுகிறார்கள். அந்தக் கட்டளை தன் கிளாஸையும் மேல்வகைகளையும் மட்டுமே குறிக்கலாம் என்பதால் சரிபார்ப்பு அதைத் தள்ளிவிடும். இங்கே எழுத வேண்டியது ‘இன்வோக்வர்ச்சுவல்’.

## ஏற்றும்போது அல்லது கட்டும்போது மாற்றுவது

இலக்குக் கிளாஸ் ஏறும் வேளையில் அதற்குள்ளேயே ஒரு வாசிக்கும் மெத்தடைச் சேர்த்துவிடுவது இன்னொரு வழி. கிளாஸ்கள் ஏறும்போது அவற்றை மாற்றும் துணைச் செய்நிரலான ஏஜெண்ட் ஜாவா 5 முதல் இருக்கிறது, அதனால் இது முடியும். ஆனால் ஏறி முடிந்த கிளாஸில் புதிய மெத்தடைச் சேர்க்க முடியாது என்பதால் ஏஜெண்ட் முதலிலேயே வந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம்மில் பிறகு ஏஜெண்ட்டைப் புகுத்தினால் ஜாவா 21 முதல் எச்சரிக்கை வருகிறது. கண்காணிப்புக் கருவிகளுக்கு இது இயல்பான இடம். ஒரு சம்பள மென்பொருளுக்கு இவ்வளவு தேவையில்லை.

இதே மாற்றத்தைக் கட்டும் கட்டத்தில் செய்வதை நான் விரும்புகிறேன். ஹைபர்நேட் தன் தரவுக் கிளாஸ்களுக்கு இப்படியொரு வசதியைத் தருகிறது. இயங்குநேரத்தில் எதுவும் உருவாகாததால், முன்கூட்டியே முழுதாகத் தொகுக்கும் கிரால்விஎம் நேட்டிவ் இமேஜ் போன்ற சூழலுக்கும் இது பொருந்தும். மேலே சொன்ன ஹிடன் கிளாஸ் வழி அங்கே நடைமுறைக்கு உகந்ததல்ல.

## அன்சேஃப், சரிபார்ப்பை அணைத்தல் முதலியன

‘சன்.மிஸ்க்.அன்சேஃப்’ கொண்டு ஃபீல்டின் நினைவக இடத்தைக் கண்டு நேராக வாசிப்பது பல ஆண்டுகள் நூலகங்களில் வழக்கில் இருந்தது. ரெக்கோர்ட்களிலும் (மாறாத தரவுக்கான கிளாஸ் வகை) ஹிடன் கிளாஸ்களிலும் உள்ள ஃபீல்ட்களின் இடத்தை அது தர மறுக்கிறது. நினைவகத்தைத் தொடும் அதன் மெத்தட்கள் ஜாவா 23இல் நீக்கத்துக்குக் குறிக்கப்பட்டன. ஜாவா 24இல், ஜெப் 498 வழியாக, முதல் பயன்பாட்டிலேயே எச்சரிக்கை அச்சாகிறது. பைட்கோட் சரிபார்ப்பை அணைக்கும் தெரிவுகள் ஜாவா 13இலேயே கைவிடத்தக்கவை என்று அறிவிக்கப்பட்டன. இடத்தைத் தவறாகக் கணித்தால் எக்செப்ஷன் வராது, தவறான எண் வரும். சம்பளத்தைத் தொடும் செய்நிரலில் இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | தேவையான சம்மதம் | அடிக்கடி ஓடும் இடத்தில் வேகம் | எந்த ஜாவா முதல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பெக்கேஜ் மெத்தடும் டிஃபைன்கிளாஸும் | கிளாஸை மாற்றும் உரிமை | நேரடி | 9 | லோடர் போகும்வரை கிளாஸ் இறங்காது |
| ரிஃப்ளெக்‌ஷன் | திறந்த பெக்கேஜ் | ஸ்டாடிக் ஃபைனல் ஆக இருந்தால் நன்று, மற்றபடி குறைவு | 8 உட்பட எல்லாம் | நிறுவுபவர் எழுத வேண்டிய ஆட்-ஓப்பன்ஸ் வரிகள் |
| மெத்தட் ஹாண்டில், இன்வோக்டைனமிக் | திறந்த பெக்கேஜ் அல்லது உரிமையாளரின் லுக்கப் | நேரடிக்கு நிகர் | 7. பிரைவேட்லுக்கப்இன் 9 | தொடக்க மந்தம், வகைப் பொருத்தம் |
| ஹிடன் நெஸ்ட்மேட் | முழு அதிகார லுக்கப் | நேரடி | 15 | லோடர் பார்வை, தெரியாத சட்டகங்கள் |
| ஏஜெண்ட் / கட்டும்போது மாற்றல் | நிறுவும் அல்லது கட்டும் கட்டத்தின் கட்டுப்பாடு | நேரடி | 5 | கட்டமைப்புச் சிக்கல் |
| அன்சேஃப் | எதுவுமில்லை | நேரடிக்கு அண்மை | மூடப்பட்டு வருகிறது | தவறான எண், எதிர்காலம் இல்லாமை |

## எந்தச் சூழலில் எது

கிளாஸும் உங்களுடையது, விதி இயந்திரமும் உங்களுடையது என்றால் பெக்கேஜ் மெத்தடே போதும். இந்த விடையில் புதுமை ஏதும் இல்லைதான், ஆனால் கேட்டு வருபவர்களில் பலருக்கு உண்மையில் பொருந்துவது இதுதான்.

கிளாஸ் இன்னொரு குழுவினுடையது, அவர்கள் ஒத்துழைக்கிறார்கள், ஜாவா 17 அல்லது அதற்கு மேல், விதி ஒரே கிளாஸை மட்டும் தொடுகிறது, செக்ரோலின் ஒவ்வொரு வரிக்கும் ஓடுகிறது: இது ஹிடன் நெஸ்ட்மேட்டுக்காகவே அமைந்த சூழல். அவர்களிடம் முழு லுக்கப்பைக் கேளுங்கள், பிழைகளைப் பொதிந்து எறியுங்கள், வாய்பாடு மாறும்போது மட்டும் புதிதாக உருவாக்குங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய ஹிடன் கிளாஸ் உருவாக்கினால், கிளாஸ் விவரங்கள் தங்கும் நினைவகப் பகுதியான மெட்டாஸ்பேஸ் நிரம்பும். இறக்கப்படும் என்ற நம்பிக்கையில் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

அதே குழு முழு லுக்கப்பைத் தரத் தயங்கினால், அந்தத் தயக்கம் நியாயமானது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முழு லுக்கப் கைக்கு வந்தால் அவர்களுடைய எல்லா பிரைவேட் உறுப்புகளும் திறந்துவிடும். அப்போது தேவையான இரண்டு ஃபீல்ட்களுக்கு மட்டும் இரண்டு மெத்தட் ஹாண்டில்களை அவர்களே உருவாக்கித் தரட்டும். பல கிளாஸ்கள், பல லோடர்கள், பிளக்-இன் அமைப்பு ஆகியவற்றிலும் ஹாண்டில் வழியே சிறந்தது. எதை எடுப்பது என்று முடிவுக்கு வர முடியாதவர்களுக்கு நான் சொல்லும் இயல்பான தொடக்கமும் அதுதான்: ஹாண்டிலில் தொடங்கி, அளந்து பார்த்து, உண்மையில் தேவைப்பட்டால் நெஸ்ட்மேட்டுக்குப் போகலாம். லோடர் சிக்கலில் மாட்டியபின் நெஸ்ட்மேட்டிலிருந்து ஹாண்டிலுக்குத் திரும்புவது, அதைவிடப் பெரிய வேலை.

வாடிக்கையாளரின் கணினியில் இன்னும் ஜாவா 8தான் என்றால், ரிஃப்ளெக்‌ஷனையோ, செட்ஆக்சஸிபிள் செய்த ஃபீல்டிலிருந்து ‘அன்ரிஃப்ளெக்ட்கெட்டர்’ மூலம் பெற்ற ஹாண்டிலையோ எடுங்கள். இரண்டாவது வழி மேம்பட்ட பதிப்புகளுக்கு மாறும்போதும் பெரிய மாற்றமின்றித் தொடரும்.

## வாசிப்பதும் எழுதுவதும்

இதுவரை வாசிப்பதைப் பற்றியே பேசினோம். எழுதுவதற்கு வழிகளின் வரிசை மாறுகிறது. ஃபைனல் ஃபீல்டில் ‘ஃபைண்ட்செட்டர்’ மறுக்கப்படும். நெஸ்ட்மேட்டாக இருந்தாலும் ‘புட்ஃபீல்ட்’ மறுக்கப்படும், ஏனென்றால் ஃபைனல் ஃபீல்டில் எழுதும் உரிமை அதை அறிவித்த கிளாஸுக்கு மட்டுமே உண்டு. செட்ஆக்சஸிபிள் செய்த ஃபீல்ட் வழியாகச் சாதாரணக் கிளாஸ்களின் ஸ்டாடிக் அல்லாத ஃபைனல் ஃபீல்ட்களை மாற்ற முடிந்தாலும், ரெக்கோர்ட்களில் அது முடியாது. ஜாவா 26இல், ஜெப் 500 வழியாக, அப்படி மாற்றுவதற்கே எச்சரிக்கை வருகிறது.

ஃபைனல் அல்லாத ஃபீல்டில் ஜேவிஎம் தடுக்காது. அங்கே பொறுப்பு முழுதும் நம்முடையது. கழித்த கிலோவை விதி நேராக மாற்றி எழுதினால், கழிவு நிறையை மீறக் கூடாது என்று அந்தக் கிளாஸ் செய்துவைத்திருக்கும் சோதனை நடக்காமலே போகும். முழுப் பேர் கிடைக்க வேண்டியவருக்கு அரைப் பேர் விழுந்தால்கூட எந்தப் பதிவிலும் அதன் தடம் இருக்காது. ஆகவே எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால் ஃபீல்டைத் தொடாமல், அந்தச் சோதனையைச் செய்யும் மெத்தடையே, அது பிரைவேட் ஆக இருந்தாலும், ‘ஃபைண்ட்வர்ச்சுவல்’ ஹாண்டிலாலோ நெஸ்ட்மேட்டிலிருந்து ‘இன்வோக்வர்ச்சுவல்’ கட்டளையாலோ அழையுங்கள். அனுமதி பெறும் முறையும் வேகமும் ஃபீல்டுக்குச் சொன்னவையே. மதிப்பை மாற்றும் பொறுப்பு மட்டும் அதற்குரிய கிளாஸிடமே இருக்கும்.